ஃபெலனி வழக்கு: டெக்சாஸ் தமிழர்கள் கேட்ட கேள்விகள்

டாலஸ் வட்டாரத்தில் 14 வருடமாகக் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஃபெலனிக்கும் மிஸ்டிமீனருக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தால், பொதுவாக அது ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம். அதைவிடச் சிறியது மிஸ்டிமீனர். நீதிபதி கடைசியில் எவ்வளவு கொடுத்தார் என்று பார்ப்பதில்லை. அதனால் ஒரு நாள்கூட சிறைக்குப் போகாதவர் மேலும் ஃபெலனி முத்திரை விழலாம். டெக்சாஸில் திருட்டுப் பொருளின் மதிப்பு 2,500 டாலரைத் தொட்டாலே ஃபெலனி. அதன் கடைசிப் படிக்கு 180 நாள் முதல் 2 வருடம். மேல்படிகளில் ஒன்றான முதல் டிகிரிக்கு 5 முதல் 99 வருடம், அல்லது ஆயுள்.

எச்-1பி வேலை விசாவில் வந்து மூன்று வருடம் ஆகிறது. செல்ஃப் செக்அவுட்டில் 900 டாலர் பொருளை ஸ்கேன் செய்யாமல் எடுத்து வந்ததாக வழக்கு. "மிஸ்டிமீனர்தான், டெஃபர்ட் (தீர்ப்பைத் தள்ளிவைப்பது) வாங்கித் தருகிறேன், ஜெயில் இல்லை, தண்டனைப் பதிவும் இல்லை" என்கிறார் வக்கீல். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள் தம்பி. இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் வக்கீல் சொன்னது டெக்சாஸ் கோர்ட்டுக்குச் சரி. குடிவரவுச் சட்டத்தின் கணக்கு வேறு. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ப்ரொபேஷன் (சிறைக்கு வெளியே கண்காணிப்பு) மாதிரி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்தாலே அங்கே அது தண்டனைதான். டெஃபர்ட் என்ற பெயர் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து, 750 டாலரிலிருந்து 2,500க்குள் என்றால் அது கிளாஸ் ஏ மிஸ்டிமீனர். உச்ச தண்டனை ஒரு வருடம். அமெரிக்காவுக்குள் வந்து ஐந்து வருடத்துக்குள் செய்த, ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய ஒழுக்கக்கேடான குற்றம் ஒன்றே ஒன்று போதும், நாடு கடத்த. திருட்டு பொதுவாக அந்த வகையில்தான் சேரும். இதைவிடக் கொடுமை, திருட்டுக்கு ஒரு வருடச் சிறை விதித்து அதை நிறுத்தி வைத்தால்கூட, குடிவரவுச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கும் 'அக்ரவேட்டட் ஃபெலனி' ஆகிவிடலாம். மிஸ்டிமீனர் என்ற பெயர் அங்கே செல்லாது.

இப்படி மாட்டிக்கொண்ட ஒரு பையன் என்னிடம் தாமதமாக வந்தான். ப்ளீ (குற்ற ஒப்புதல்) படிவத்தைக் காட்டினான். 'குடிமகன் அல்லாதவர் நாடு கடத்தப்படலாம்' என்ற வரிக்குப் பக்கத்திலேயே அவனுடைய இனிஷியல். கோர்ட் நடைபாதையில் நின்றுகொண்டே, சுவரில் தாளை வைத்து, ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறான். இன்றும் அந்தத் தாள் என் மனதை விட்டுப் போகவில்லை.

நாடு கடத்தும் ஆபத்தைக் கட்சிக்காரரிடம் எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் படியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "இந்த ப்ளீயால் என் விசா என்ன ஆகும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், ஒரு குடிவரவு வக்கீலைக் கலந்துகொண்டு அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

சண்டையில் கணவர் கழுத்தைப் பிடித்தார். நான்தான் 911க்கு அழைத்தேன். இப்போது ஃபெலனி என்கிறார்கள். நான் வாபஸ் வாங்க முடியாதா மேடம்?

முடியாதம்மா. வழக்கை நடத்துவது டெக்சாஸ் மாநிலம். வழக்கு வேண்டாம் என்று நீங்கள் உறுதிமொழி எழுதித் தரலாம். கைவிடுவதா வேண்டாமா என்பது அரசு வக்கீல் கையில். குடும்பத்தில் ஒருவரின் கழுத்தை நெரித்து மூச்சை அடைத்தால் இங்கே முதல் தடவையே மூன்றாம் டிகிரி ஃபெலனி, 2 முதல் 10 வருடம். பாதுகாப்பு உத்தரவு இருந்தால், நீங்களே கூப்பிட்டாலும் அவர் வீட்டுக்கு வரக்கூடாது. வந்தால் அது இன்னொரு குற்றம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கழுத்தில் கை வைப்பது சின்ன விஷயம் இல்லை. உங்கள் விசா அவரோடு பிணைந்திருக்கிறதே என்று பயந்து பின்வாங்காதீர்கள். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு யு விசா என்ற வழி உண்டு. அவருடைய வக்கீலிடம் யோசனை கேட்க வேண்டாம், உங்களுக்கென்று தனியாக ஒருவரைப் பாருங்கள்.

குடித்துவிட்டு ஓட்டினால் ஃபெலனியா?

முதல் தடவை பெரும்பாலும் மிஸ்டிமீனர், மூன்றாவது தடவை ஃபெலனி. ஆனால் வண்டியில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் முதல் தடவையே ஃபெலனி. பிறந்தநாள் விருந்து முடிந்து கிளம்பும்போது இதை நினைவில் வையுங்கள். அப்புறம், தீர்ப்புக்கு முன்பே, கைதான காரணத்துக்காகவே பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பை ரத்து செய்வதும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்புவது அங்கேதான் சிக்கலாகும்.

தம்பியைப் பிடித்துவிட்டார்கள். ஜெயிலில் இருந்து போன் செய்கிறான். நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா?

கேட்காதீர்கள். அந்த அழைப்புகள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்க வேண்டாம், மொழிபெயர்த்துக் கோர்ட்டில் வைப்பார்கள். சாப்பிட்டானா, மாத்திரை கிடைக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். போலீஸிடம் பெயர், முகவரி, பிறந்த தேதியை உள்ளபடி சொல்லட்டும். மற்றதற்கெல்லாம் "வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். இந்தியக் குடிமகன் என்றால், ஹூஸ்டன் துணைத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி அவனே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சொல்லியாக வேண்டிய கட்டாயம் போலீஸுக்கு இல்லை.