மாத்திரையை நிறுத்திவிட்டு என்.டி.ஏ. எழுதலாமா?

பிளஸ் 1 படிக்கும் உங்கள் மகளுக்கு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) நுழைவுத்தேர்வு எழுதி ராணுவ அதிகாரியாகும் ஆசை. ஏழாம் வகுப்பிலிருந்து ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். இப்போதே நிறுத்திவிட்டால் மருத்துவப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அந்த யோசனையை விட்டுவிடுங்கள், அம்மா.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு எஸ்.எஸ்.பி. எனப்படும் ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணலில் தேறியவர்களை ராணுவ மருத்துவமனையில் பரிசோதிப்பார்கள். முன்பு இருந்த நோய்களையும் சிகிச்சையையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறைத்தது பின்னர் தெரியவந்தால் பயிற்சியின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பக்கூடும். தினமும் மாத்திரை தேவைப்படும் நிலையில் தகுதி பெறுவது மிகக் கடினம். இதை மூடி மறைக்க விரும்பவில்லை. மருந்து இனியும் வேண்டுமா என்பதை அவளைப் பார்த்துவரும் மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிளஸ் 2 பொதுத்தேர்வு வரும் நேரத்தில் நீங்களாக நிறுத்தினால், முதலில் அடிவாங்குவது மதிப்பெண்தான்.

உடல்தகுதி ஒருபுறம் இருக்கட்டும், தேர்வு அவளுக்குப் பொருந்துமா? கணிதத்தில் 150 நிமிடத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். கேள்வியைப் பாதி படித்ததுமே விடையைக் குறிக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தால் இங்கேதான் சறுக்கும். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லி, தெரிந்தும் தவறவிட்டவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எஸ்.எஸ்.பி.யின் கதை வேறு. ஒரு சொல்லுக்கு 15 விநாடி என்று 60 சொற்கள் திரையில் ஓடும். மனத்தில் தோன்றியதை உடனே எழுத வேண்டும். வெட்டவெளியில் குழுவாகத் தடை தாண்டும் பணிகளும் உண்டு. துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகள் பலர் அங்கே சோபிப்பார்கள் என்பது என் எண்ணம்.

என்னைக் கேட்டால், இந்த ஆண்டு அவளை என்.சி.சி.யில் சேருங்கள். ராணுவத்தில் சாகசத்தைவிட அன்றாட ஒழுங்கே அதிகம்: விடியற்காலை அணிவகுப்பு, பூட்ஸ் பளபளப்பு, ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு முகாமுக்குப் போய்வந்த பிறகும் ஆசை குறையாவிட்டால் அது நம்பத்தக்க ஆசை.

அவசரமும் இல்லை. என்.டி.ஏ.வுக்குப் பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை வாய்ப்பு. தேர்வு ஆண்டுக்கு இருமுறை. அது கைகூடாவிட்டாலும், பட்டம் பெற்ற பின், பட்டதாரிகளுக்கான ராணுவத் தேர்வான சி.டி.எஸ். எழுதிச் சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் சேர வழி உண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது என்.டி.ஏ. தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி.யின் அறிவிக்கையில் உள்ள உடல்தகுதிப் பகுதியை அச்செடுத்துக்கொண்டு போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.