சிமென்ட் நிறுவனத்தின் 'நெட் ஜீரோ' வாக்குறுதியை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: சில வருடங்களாக ஒரு சிமென்ட் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கிறேன். இந்த முறை ஆண்டறிக்கையில் '2050-க்குள் நெட் ஜீரோ', 'சூரிய மின்சாரத்துக்கு வேகமாக மாறுகிறோம்', 'கார்பன் செறிவு 9 சதவீதம் குறைந்தது' என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். என்னைப் போன்ற சிறு முதலீட்டாளர் இதை எப்படிச் சரிபார்ப்பது? பேசாமல் விற்றுவிட்டு ஈஎஸ்ஜி ஃபண்டில் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சரிபார்க்க முடியும், அதற்கு நீங்கள் சுற்றுச்சூழல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆண்டறிக்கையின் முன்பகுதியில் வரும் காற்றாலைப் படங்களையும் தலைவரின் கடிதத்தையும் தாண்டி, 'பிஆர்எஸ்ஆர்' என்ற பகுதிக்குப் போங்கள். பொறுப்பான வணிகம், நீடித்த வளர்ச்சி பற்றி நிறுவனங்கள், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் படிவத்தில் தரும் அறிக்கை அது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம். எல்லாருக்கும் ஒரே படிவம், அதே வரிசை. அதனால் போட்டி நிறுவனத்தின் அறிக்கையையும் இறக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அதில் ஆறாவது கோட்பாடுதான் சுற்றுச்சூழல்.

முதலில் அந்த 9 சதவீதம். செறிவு என்றால் ஓர் அலகுக்கு எவ்வளவு உமிழ்வு என்பது. அந்த அலகாக எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். படிவம் முதலில் கேட்பது ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு உமிழ்வு என்பதை. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு நிறுவனம் 1 கோடி டன் சிமென்ட் தயாரிக்கிறது, 60 லட்சம் டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. டன் 5,000 ரூபாய்க்கு விற்றால் விற்றுமுதல் 5,000 கோடி. அதாவது கோடி ரூபாய்க்கு 1,200 டன் உமிழ்வு. அடுத்த வருடம் விலை 5,500 ஆகிறது. உற்பத்தியும் அதே, புகையும் அதே. ஆனால் கோடிக்கு 1,091 டன் என்று வந்துவிடும். கிட்டத்தட்ட 9 சதவீதக் குறைவு! சூளையில் ஒன்றுமே மாறவில்லை, மூட்டை விலைதான் ஏறியது.

உங்கள் நிறுவனம் இப்படித்தான் செய்தது என்று நான் சொல்லவில்லை. அதே அட்டவணையில், உற்பத்தி செய்த பொருளின் டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு என்றும் ஒரு வரி இருக்கும். சிமென்ட், எஃகு போன்ற துறைகளில் நீங்கள் நம்ப வேண்டிய வரி அதுதான். அதோடு மொத்த உமிழ்வையும் பாருங்கள். டன்னுக்கு 0.60-லிருந்து 0.57-ஆகக் குறைத்துவிட்டு, உற்பத்தியை 20 சதவீதம் கூட்டினால் மொத்தம் 14 சதவீதம் ஏறியிருக்கும். வளரும் நிறுவனத்தில் இது நடப்பதுதான். குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நெட் ஜீரோ' (வெளியிடும் உமிழ்வும் நீக்கும் உமிழ்வும் சமமாவது) என்பது மொத்தத்தைப் பற்றிய வாக்குறுதி. அந்த மொத்தம் எந்த வருடம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

அப்புறம் சூரிய மின்சாரம். நல்ல காரியம்தான். ஆனால் சிமென்ட் துறையின் உமிழ்வில் மின்சாரத்தின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். பாதிக்கு மேல் வருவது சுண்ணாம்புக்கல்லிலிருந்து. கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 100 கிலோவுக்கு 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். அது எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள்ளேயே இருப்பது. கூரை முழுக்கச் சோலார் தகடு போட்டாலும் அது குறையாது. குறைய வேண்டுமானால் சிமென்டில் கிளிங்கரின், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும் கட்டிகளின், அளவு குறைய வேண்டும். இந்தியத் தர விதிகள் போசோலானா சிமென்டில் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பலையும், ஸ்லாக் சிமென்டில் 70 சதவீதம் வரை இரும்பாலைக் கசடையும் அனுமதிக்கின்றன. ஆகவே கிளிங்கர் விகிதம் எவ்வளவு, மூன்று வருடத்தில் எவ்வளவு இறங்கியது என்று தேடுங்கள். சோலாருக்கு நாலு பக்கம், கிளிங்கருக்கு ஒரு வரியும் இல்லை என்றால், எனக்கு அந்த அறிக்கையின் மேல் நம்பிக்கை வராது.

இது இப்போது காசு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. 2025 அக்டோபரில் மத்திய அரசு சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கு உமிழ்வுச் செறிவு இலக்குகளை அறிவித்தது. அடிப்படை ஆண்டு 2023-24. இலக்கை மிஞ்சிக் குறைத்த ஆலைக்குக் கார்பன் கிரெடிட் சான்றிதழ் கிடைக்கும். எட்டாத ஆலை அந்தச் சான்றிதழ்களைக் காசு கொடுத்து வாங்கி ஈடுகட்ட வேண்டும். இங்கே அளவுகோல் ரூபாய் அல்ல, உற்பத்தி டன். விலையேற்றத்தால் அழகாகத் தெரிந்த செறிவு இந்தக் கணக்கில் உதவாது.

பிஆர்எஸ்ஆரின் எல்லையையும் ஒரு நிமிடம் பாருங்கள். தனி நிறுவனத்துக்கான அறிக்கையா, துணை நிறுவனங்களையும் சேர்த்ததா என்பதை முதல் பகுதியிலேயே சொல்லியிருப்பார்கள். நாலு ஆலைகள் துணை நிறுவனத்தின் பெயரில் இருந்து, அறிக்கை தனி நிறுவனத்துக்கு மட்டும் என்றால், நீங்கள் பார்க்கும் எண் பாதிக் கதைதான்.

எண்களை வெளியார் யாராவது சரிபார்த்தார்களா என்பது அடுத்தது. முக்கியமான குறியீடுகளுக்கு வெளிச் சரிபார்ப்பை செபி படிப்படியாகக் கொண்டுவந்தது: 2023-24-இல் முதல் 150 நிறுவனங்கள், பிறகு 250, 500 என்று ஏறி, 2026-27-இல் முதல் 1,000. அந்தச் சான்றின் கடைசிப் பத்திகளைப் படியுங்கள். எந்த ஆலைகளைப் பார்த்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

காலநிலை அபாயம் பற்றி முதல் பகுதியின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. நிதித் தாக்கம் என்ற கட்டத்தில் நேர்மறையா எதிர்மறையா என்று மட்டும் சொன்னால் போதும் என்பது படிவத்தின் விதி. அதனால் 'எதிர்மறை' என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் நாசமானதை நாம் பார்த்தோம். அந்த மாதிரி நஷ்டத்துக்கு ஒரு தொகை உண்டு. பிஆர்எஸ்ஆரில் அது கிடைக்காவிட்டால், நிதி அறிக்கையின் குறிப்புகளில் அசாதாரணச் செலவுகள், காப்பீட்டுக் கோரிக்கைகள், எதிர்பாராப் பொறுப்புகள் ஆகியவற்றில் தேடுங்கள்.

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்து முதலீடு செய்யும் ஈஎஸ்ஜி ஃபண்டுக்கு வருவோம். செபியின் விதிப்படி அத்தகைய திட்டம் தன் சொத்தில் 80 சதவீதமாவது தான் அறிவித்த உத்தியின்படி முதலீடு செய்ய வேண்டும். 65 சதவீதமாவது முழு பிஆர்எஸ்ஆரும் வெளிச் சரிபார்ப்பும் உள்ள நிறுவனங்களில் இருக்க வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் வாங்குவதற்கு முன் அதன் மாதாந்திரப் பட்டியலில் முதல் பத்துப் பங்குகளைப் பாருங்கள். வங்கிகளும் ஐடி நிறுவனங்களும் நிறைய இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவற்றின் அலுவலகங்களில் புகைபோக்கி கிடையாது. வங்கியின் உண்மையான உமிழ்வு அது கடன் கொடுத்த ஆலைகளில் இருக்கிறது. அது ஸ்கோப் 3 கணக்கு, அதாவது நிறுவனத்துக்கு வெளியே அதன் தொழில் தொடர்பாக நடக்கும் உமிழ்வு. பிஆர்எஸ்ஆரில் அதைச் சொல்வது கட்டாயமில்லை. பணத்தைப் பரவலாகப் போட ஃபண்ட் சரியான வழி. ஆனால் காலநிலைக்கு நல்லது செய்கிறோம் என்ற நிம்மதிக்காக மட்டும் என்றால், அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

விற்பதா வேண்டாமா என்பதற்கு என் பதில்: டன்னுக்கான உமிழ்வு மூன்று வருடமாக இறங்குகிறது, கிளிங்கர் விகிதம் குறைகிறது, 2030-க்கு ஓர் இடைக்கால இலக்கும் அதற்கான முதலீட்டுத் தொகையும் சொல்லியிருக்கிறார்கள் என்றால், காலநிலையைக் காரணம் காட்டி விற்க வேண்டியதில்லை. இவை எதுவுமே இல்லை என்றால், விற்பதற்கு முன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் இதைக் காணொளியிலேயே நடத்துகின்றன. பேச விரும்பும் பங்குதாரர் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். எப்படி என்று கூட்ட அறிவிப்பில் இருக்கும். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் உரிமை உண்டு. கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: "டன்னுக்கான உமிழ்வு அரசு இலக்கை எட்டாத ஆலைகள் எத்தனை, அவற்றுக்குக் கிரெடிட் வாங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?"