பழைய சீன வெள்ளிக் கிண்ணத்தின் அடியில் ‘டபிள்யூ.எச் 90’ என்று இருக்கிறது. செய்தவர் பெயரா அது?

கடையின் பெயர். செய்தவருடையது பெரும்பாலும் பக்கத்திலேயே பொடியாகக் குத்தியிருக்கும் சீன எழுத்து. அது பட்டறையின் முத்திரை. விற்கும் யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

டபிள்யூ.எச் என்றால் வாங் ஹிங். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20இன் தொடக்கத்திலும் காண்டனிலும் (இன்றைய குவாங்சோ) ஹாங்காங்கிலும் கொடிகட்டிப் பறந்த கடை. 90 என்பது மாற்று, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. லண்டனைப் போல மாற்றுப் பார்த்து முத்திரை குத்தும் அலுவலகம் சீனாவில் இல்லை, கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. ஆனாலும் அங்கே புழங்கிய ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்களின் மாற்றும் ஏறக்குறைய அதேதான்.

நான் இருப்பது லண்டனில். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஒரு பெரிய கரண்டியை இங்குள்ள கடை ஒன்றில் காட்டினேன். ஆங்கில வெள்ளியில் குத்தும் சிங்கம், சிறுத்தை முகம், ராஜா தலை முத்திரைகள் எல்லாம் இருந்தன. கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, “போலி முத்திரை. உருக்கத்தான் லாயக்கு” என்றார், பழைய வெள்ளி விலை தருவதாகவும் சொன்னார். நான் கொடுக்கவில்லை. சிங்கம் தெருநாய் மாதிரி இருந்தது உண்மைதான். ஆனால் ஓரத்தில் ‘கே.எச்.சி’ என்று இருந்ததை அவர் பொருட்படுத்தவே இல்லை. அது கீச்சோங், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்த காண்டன் கடை. பக்கத்திலேயே சீன எழுத்தும் இருந்தது. தூக்கிப் பார்த்தால் அதே அளவு ஆங்கிலக் கரண்டியைவிடக் கனம், காண்டன் கரண்டிகள் பலவும் அப்படித்தான்.

1842 வரை மேல்நாட்டு வியாபாரிகளுக்குத் திறந்திருந்த ஒரே சீனத் துறைமுகம் காண்டன். அவர்கள் கொடுத்த மாதிரிக் கரண்டியைப் பார்த்துச் செய்தவர்கள் முத்திரையையும் விடாமல் செய்துவிட்டார்கள். கல்கத்தாவில் வெள்ளைக்கார வெள்ளிக் கடைகளே இதே மாதிரி குத்தியிருக்கின்றன, அதை யாரும் உருக்கச் சொல்வதில்லை.

‘தொழில் தெரிந்தவரைவிட உனக்கு அதிகம் தெரியுமா’ என்று கமெண்டில் வருவீர்கள். ஆங்கில வெள்ளியில் அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. இது ஆங்கில வெள்ளி இல்லை, அவ்வளவுதான்.

உருக்குவது என்றாலே எனக்கு எரிச்சல் வரும். ஊரில் ஆச்சியின் வெள்ளிக் கூஜாவை ஒரு நகைக்கடையில் போட்டுக் காகிதம் போல நாலு தட்டு வாங்கி வந்தார்கள். கழிவு என்று ஒரு பங்கு போனது, புதுத் தட்டுக்குச் செய்கூலி, சேதாரம் வேறு. கேட்டால் ‘பழசு கறுத்துப்போச்சு’ என்கிறார்கள். கறுத்தால் துடைக்க வேண்டியதுதானே? சரி, விடுங்கள்.

உங்கள் கிண்ணத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், முத்திரை மழுங்கிவிடும். பக்கவாட்டில் விளக்கை வைத்துப் படம் எடுங்கள். அசல் முத்திரை அச்சு வைத்து அடித்தது. ஓரம் கூர்மையாக, குழி தெளிவாக இருக்கும். எழுத்தின் விளிம்பு மொழுக்கென்று இருந்து குழிக்குள் பொடிப்பொடிப் புள்ளிகளும் தெரிந்தால் வார்ப்பு நகலோ என்று சந்தேகப்படலாம். வாங் ஹிங் பெயரில் நகல்கள் நிறையவே உலவுகின்றன. அப்புறம், அந்தச் சீன எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கச் சொல்லிவிடாதீர்கள். படத்தை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன். விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.