வயதான பின் பார்த்துக்கொள்ளலாமா? – வாசகர் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாவுக்கு,

தங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சேகரத்தை, அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுதியைச் சேர்ந்தவர்கள். என் மகனுக்கு வயது 19. சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனத்துக்கு வருடாவருடம் பரிசு வாங்கிய பிள்ளை. 15 வயதில், பேராயர் தலையில் கைவைத்துச் சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் பெற்றான். இப்போது விடுமுறைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு எழுந்து வருவதில்லை. சென்ற மாதம் எங்கள் தெருவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி புற்றுநோயால் இறந்துபோனாள். சபையார் எல்லாரும் உபவாசமிருந்து ஜெபித்திருந்தோம். “அந்த ஜெபமெல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்டான். நான் அழுதுவிட்டேன், அவன் அப்பா அதட்டினார். “வயசான பிறகு பாத்துக்கலாம்மா, இப்ப என்ன அவசரம்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டான். இளம் வயதில் விசுவாசம் அவசியம் என்பதை அவனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் உங்களிடம் சொன்னவை இரண்டு. நீங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே துக்கமாகச் சுமக்கிறீர்கள். அந்தச் சிறுமியைப் பற்றி அவர் கேட்டது ஒன்று. வயதான பின் பார்த்துக்கொள்ளலாம் என்றது வேறொன்று. முதலாவதைக் கேட்டு நீங்கள் அழ வேண்டியதில்லை. கடவுள் ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிட்டவன், செத்துப்போன குழந்தைக்காக அவரிடம் கணக்குக் கேட்க மாட்டான். “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!” என்று ஆபகூக் கேட்டது நம் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. அந்த வசனத்தை நாம் ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கொடுப்பதில்லை; கொடுத்திருந்தால், தன் கேள்வியை ஒரு தீர்க்கதரிசி தனக்கு முன்பே கேட்டிருக்கிறார் என்பதாவது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

சாது சுந்தர் சிங்கை நம் சபைகளில் அறியாதவர் குறைவு. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது காவி உடையையும் திபெத் பயணங்களையும் பேசுகிற அளவுக்கு, அவருடைய 14, 15ஆம் வயதுகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. பஞ்சாபில் ராம்பூர் என்ற ஊரில் 1889இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 14 வயதில் தாயை இழந்தார். அந்தத் துயரம் கோபமாக மாறி, 1904 டிசம்பரில் வீட்டு முற்றத்தில் சுவிசேஷப் புத்தகத்தைக் கிழித்துத் தீயில் போட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில், கடவுள் என்று ஒருவர் இருந்தால் தன்னைக் காட்டட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துவைக் கண்டதாக அவரே பிற்காலத்தில் சாட்சி சொன்னார். மறு வருடம், தம்முடைய 16ஆம் பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். புத்தகத்தை எரித்த நாளிலும் அந்தச் சிறுவன் கடவுளோடுதான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான் என்றே நான் நினைக்கிறேன்.

என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு 17 வயதிருக்கும்போது விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் மஞ்சள் காமாலையில் இறந்தான். அடுத்த வாரம் வாலிபர் கூடுகையில் நான் எழுந்து, உங்கள் மகன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். கூடுகையை நடத்தியவர், சந்தேகம் பிசாசின் விதை என்று சொல்லி, எல்லார் முன்பாகவும் என்னை முழங்காலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தேன், அதன் பிறகு இரண்டு வருடம் நான் எங்கும் ஜெபிக்கவில்லை.

ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் கோவிலில் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார் மணிக்கூண்டின் அடியில் நின்று, நைந்துபோன மணிக் கயிற்றுக்குப் புதுக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ஏன் கோவில் பக்கம் வருவதில்லை என்று கேட்டார். சொன்னேன். முடிச்சை இழுத்து இறுக்கியபடியே முழுவதையும் கேட்டுவிட்டு, “எனக்கும் தெரியல தம்பி. என் மூத்த மவன் ரெண்டு வயசுல போயிட்டான், அப்பவும் தெரியல. மணி அடிக்கிற நேரம் ஆயிட்டு, நீ கயித்தப் பிடி” என்றார். பிடித்து இழுத்தேன். புதுக் கயிற்றின் சிம்புகள் உள்ளங்கையில் குத்தியது இன்றும் நினைவிருக்கிறது. விடுமுறை முடியும்வரை மணி அடிப்பது என் வேலையாயிற்று. மணி அடித்தவன் ஆராதனைக்கு உட்காராமல் வீட்டுக்குத் திரும்புவது எப்படி? நான் கோவிலுக்குள் திரும்பி வந்த வழி அதுதான்.

இனி இரண்டாவது விஷயம், வயதான பின் பார்த்துக்கொள்ளலாம் என்றது. உங்கள் மகன் சொன்னவற்றில் நான் மறுப்பது இதை மட்டுந்தான். “நீ உன் வாலிபப்பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை” என்ற, வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்து வசனம் நம் வீட்டுக் காலண்டர்களில் அச்சாகி அச்சாகித் தேய்ந்துபோனது. அதைத் தொடர்ந்து வரும் வரிகளை உங்கள் மகனை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பல் உதிர்ந்து, கண் இருண்டு, குருவியின் சத்தத்துக்கே விழித்துக்கொள்ளும் முதுமையின் சித்திரம் அது. சாவைக் காட்டி வாலிபனைப் பயமுறுத்தும் பகுதியாகவே பெரும்பாலும் அதைப் பிரசங்கிக்கிறோம். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது: விசுவாசத்தைச் செலவழிக்கக் கையில் பலம் வேண்டும், அது இருக்கும்போதே தொடங்கு என்கிறார் பிரசங்கி.

நம் ஊரில் ஒரு பையனுக்கு 20 வயதிலிருந்து 30 வயதுக்குள் என்னென்ன முடிவாகின்றன என்று எண்ணிப்பாருங்கள். எந்த வேலைக்குப் போவது, அதற்கு லஞ்சம் கேட்டால் கொடுப்பதா, யாரை மணப்பது, பெண் வீட்டாரிடம் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்று அப்பா பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதா, சபைத் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் அந்தப் பத்து வருடத்துக்குள் தீர்மானமாகிவிடும். 60 வயதில் கிடைக்கும் விசுவாசம் பெரிய ஆறுதல்தான். கடைசி மணி நேரத்தில் வந்த வேலையாட்களுக்கும் ஒரே கூலி என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் 28 வயதில் வாங்கிய வரதட்சணையை 60 வயது விசுவாசத்தால் வாங்காததாக ஆக்க முடியாது.

நம் மண்ணிலேயே பேராயர் வி. எஸ். அசரியா இருந்தார். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். வாலிபர் மத்தியில் ஊழியம் செய்துவந்த காலத்தில், 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டி நம் தொண்டிக் கரைக்குத் தங்கள் செலவில் ஊழியரை அனுப்பிவந்ததை அறிந்து வெட்கப்பட்டார். திருநெல்வேலிச் சபையோ தலைமுறைகளாக மிஷனெரிகளிடம் பெற்றுக்கொண்டே இருந்தது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அப்போது அவருக்கு 28 வயது. பின்னர் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, தெலுங்கு பேசி, பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நடுவே வாழ்ந்தார். 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். அந்தத் தீர்மானத்தை வயதான பிறகு எடுத்திருந்தால், அந்த வெயிலில் கிராமம் கிராமமாகச் சுற்றுவதற்குக் கால்களில் பலம் இருந்திருக்காது.

அசரியா 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துப் பேசிய பேச்சு ஒன்று உண்டு. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள்; நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். நம் சபையின் வாலிபர்கள் இன்று மூப்பர்களாகிய நம்மைப் பார்த்து இதையே கேட்கலாம். போட்டி வைத்தோம், பரிசு கொடுத்தோம், திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேச வினாவிடையை ஒப்பிக்க வைத்தோம். பேராயர் தலையில் கைவைத்து முடிந்த மறுவாரத்திலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சபையில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை, பேசுவதற்கு ஓர் ஆளும் இல்லை.

ஆகவே, எப்படி எடுத்துச் சொல்வது என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்பதே. டிசம்பர் விடுமுறைக்கு அவர் வரும்போது ஞாயிறு காலையில் போர்வையை இழுக்காதீர்கள். அவர் அப்பாவிடமும் சொல்லிவையுங்கள். மாறாக, அந்தச் சிறுமியின் தாய்தகப்பனைப் பார்க்கப் போகும்போது கூட வரும்படி கேளுங்கள். கேள்வி கேட்டவர் அவர். அவர் வருவார் என்று நம்புகிறேன். அங்கே யாரும் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால் போதும். அவர் விரும்பினால் எனக்கு எழுதட்டும். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; ஆனால் அவர் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் பதில் எழுதுவேன்.

அன்புடன்