கூடைக் கயிறும் உச்சந்தலையும்

கேள்வி: எனக்கு 26 வயது. அப்பாவைப் போலவே நெற்றி ஏறிக்கொண்டு வருகிறது. பாமசியில் வாங்கிய 5 வீத மினொக்ஸிடில் கரைசலை மூன்று வாரங்களாகப் பூசுகிறேன். முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இந்தக் காரணத்துக்காக நிறுத்த வேண்டாம். உதிரும் தறுவாயில் இருந்த முடிகளைத் தள்ளிவிட்டு அதே வேர்களில் புது முடியை இந்த மருந்து கிளப்புவதால், முதல் இரண்டு மாதங்களில் கூடுதலாகக் கொட்டுவது பலருக்கும் நேர்வதே. பலனைக் கணிக்க நான்கு மாதங்களாவது வேண்டும். மினொக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகவே இருந்தது; அதை விழுங்கியவர்களின் உடம்பில் முடி வளர்ந்ததைக் கண்ட பிறகே பூசுமருந்தானது, 1988 இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. ஆகவே நெஞ்சு படபடத்தாலோ, தலை சுற்றினாலோ, கால் வீங்கினாலோ மட்டும் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். காலையும் மாலையும் ஒரு மில்லிலீற்றர், நன்றாக உலர்ந்த தலையில் பூசினால் போதும்; அதிகம் பூசினால் அதிகம் வளராது. விட்டுவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முடி உதிர்வுக்கு விழுங்கும் பினாஸ்டெரைட் மாத்திரையை வைத்தியர் எழுதித் தராமல் தொடங்காதீர்கள். சிலருக்கு அது பாலுணர்வையும் மனநிலையையும் பாதிக்கிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், உடைந்த மாத்திரையை அவர் தொடவே கூடாது.

கேள்வி: அம்மா 22 வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறார். உச்சந்தலையில் கூடைக் கயிறு படியும் இடத்தில் ஒரு பட்டையாக முடி இல்லை. மற்ற இடங்களிலும் அடர்த்தி குறைந்துவிட்டது. அவருக்கும் மினொக்ஸிடில் வாங்கிக் கொடுக்கலாமா?
– மகள், மஸ்கெலியா

பதில்: 'பட்டையாக' என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லே பாதி விடையைத் தந்துவிட்டது. பரம்பரையாக வரும் முடி இழப்பு பெண்களுக்கு வகிட்டைச் சுற்றிப் பரவலாக மெலியுமே தவிர, கயிற்றின் அளவுக்குக் கோடு போட்டு வராது. ஈரக் கொழுந்து நிறைந்த கூடையின் பாரம் நாள்தோறும் ஒரே இடத்தை அழுத்தி இழுக்கும்போது, முடியின் வேர்கள் முதலில் சோர்ந்து, காலப்போக்கில் தழும்பாகிவிடுகின்றன. இந்த இரண்டு நிலைகளில் அம்மா எதில் இருக்கிறார் என்பதை நல்ல வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் ஊசிமுனை போன்ற துளைகளும் பூனைமுடியும் தெரிந்தால் நம்பிக்கை இருக்கிறது. வழுவழுப்பாகப் பளபளத்தால் பூசுமருந்து எதுவும் அங்கே முடியை முளைக்க வைக்காது. நம்பிக்கை இருக்கும் நிலையிலும் மருந்துக்கு முன் கயிறு இடம் மாற வேண்டும்: தோளில் மாட்டும் பைக்கு மாறலாம், அது முடியாவிட்டால் துணியைத் தடிப்பாக மடித்து வைத்து, கயிறு படியும் இடத்தை அடிக்கடி மாற்றலாம். அதற்கடியில் இறுக்கக் கொண்டை போடுவதையும் விட வேண்டும். கயிறு அங்கேயே இருக்க மருந்து பூசுவது வீண் செலவு.

மற்ற இடங்களில் அடர்த்தி குறைந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவையும் தைரொயிட்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினோடு, இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையையும் கேளுங்கள், ஏனெனில் இரத்தசோகை தெரியவரும் முன்பே உடலில் இரும்பின் சேமிப்பு வற்றியிருக்கக்கூடும். ரொட்டியும் கீரையும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் நம்முடைய பழக்கம் அந்த இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சல் ஏதும் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்; அப்படிக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாகவே திரும்பி வளரும்.

அரச வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குப் போகும் நாளில் அம்மா எண்ணெய் தேய்க்காமல், கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போகட்டும். கயிறு எந்த இடத்தில் படிகிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எதிரில் இருக்கும் வைத்தியர் கொழுந்துக் கூடையை ஒரு நாளும் சுமந்திருக்க மாட்டார்.