அம்மா ஏன் அந்த ஸ்டிக்கரைக் கிழித்தார்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ கட்டி விற்கிறார். என் கணக்கோடு இணைத்து ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தேன். 2025 ஜூலையில் அதைக் கிழித்துவிட்டார். "காசு இருந்தா பூ" என்கிறார். வாடிக்கை குறைகிறது. படிக்காதவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஐடி ஊழியை, பெங்களூரு

பதில்: அந்த ஜூலையில் பெங்களூரில் எத்தனையோ பேக்கரியிலும் காய்கறிக் கடையிலும் 'யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். யூபிஐ வரவை வைத்து, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டியதாகச் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பிய நேரம் அது. கோயில் வாசல் பூக்கடை அந்தத் தொகைக்குக் கிட்டவே போகாது. புதுப்பூவுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. அந்த நோட்டீஸ் சேதி அம்மாவையும் பயமுறுத்தியிருக்கலாம். நிதானமாகச் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும்.

மீதிக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 'என் கணக்கோடு இணைத்து'. விடியுமுன் மார்க்கெட்டில் பூ எடுக்க அவர் கையில் காசு வேண்டாமா? பகலெல்லாம் விற்ற பணம் உங்கள் போனில் கிடந்தால், தன் சம்பாத்தியத்தை மகளிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எந்த அம்மாவுக்கும் அது கஷ்டம்தான்.

அப்புறம், ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். விரலில் ஈர நார், மடியில் மல்லி. வாங்குபவர் போன் திரையைக் காட்டிவிட்டு நடக்கிறார். பணம் வந்ததா என்று அம்மா எதில் பார்ப்பார்?

கியூஆர் 1994ல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்கப் பிறந்தது. யூபிஐ 2016ல் வந்தது. "இருபது ரூபாய் வந்தது" என்று சத்தமாகச் சொல்லும் பெட்டி இரண்டிலுமே இல்லை. வியாபாரத்துக்கு நடுவே போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத கடைக்காரர்களுக்காகப் பிறகு வந்தது அது. அவர்களுடைய சிரமம்தான் அந்தக் கருவியைச் செய்ய வைத்தது. உங்கள் அம்மா ஸ்டிக்கரைக் கிழித்ததையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். தயவுசெய்து அதைப் படிப்பறிவோடு முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அவர் பெயரிலேயே ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்கு ஒரு கியூஆர், தமிழில் பேசும் பெட்டி. பெட்டிக்கு மாத வாடகை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் காசுதான் வேண்டும் என்றால் வற்புறுத்த வேண்டாம். ஒத்துக்கொண்டால், ஏடிஎம் கார்டு அவர் சுருக்குப்பையில் இருக்கட்டும்.