இரவில் மட்டும் ஐ.பி. கேமராக்கள் துண்டிக்கப்படுவது ஏன்?

ஒரே பி.ஓ.ஈ. சுவிட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் சுவிட்ச்) இணைத்த எட்டு ஐ.பி. கேமராக்கள், அதாவது நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் கேமராக்கள், பகலில் ஒழுங்காக இயங்குகின்றன, இரவில் மட்டும் சில அணைந்து மீண்டும் எழுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது மின்திறன் பற்றாக்குறையே. கேமராவைக் குறை சொல்வதற்கு முன் சுவிட்சைப் பாருங்கள்.

இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குவதால் ஒவ்வொரு கேமராவின் மின்தேவையும் உயர்கிறது. 802.3ஏ.எஃப். என்னும் பி.ஓ.ஈ. தரத்தில் சுவிட்சின் ஒரு போர்ட் (கேபிள் செருகும் துளை) 15.4 வாட் வரை தரக்கூடும் என்றாலும், கேபிளில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான்; மேலும், விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் எல்லாப் போர்ட்டுகளுக்கும் சேர்த்த மொத்தத் திறன், போர்ட் எண்ணிக்கையை 15.4-ஆல் பெருக்கி வரும் அளவைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். எனவே கேமராக்களின் உச்ச மின்தேவையைக் கூட்டி, அதற்கு மேல் கால் பங்காவது கூடுதலாக உள்ள சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள்.

கேபிளும் காரணமாகலாம். செம்பு பூசிய அலுமினியக் கம்பியின் மின்தடை தூய செம்பைவிட அதிகம் என்பதால், கேபிளின் 100 மீட்டர் நீள வரம்பை நெருங்கும் தொலைவில் இருக்கும் கேமராதான் முதலில் துண்டிக்கப்படும். வெளிச்சுவரில் இத்தகைய கேபிளைப் பயன்படுத்துவதை நான் அறவே தவிர்ப்பேன்.

பதிவுகளைச் சேமிக்கத் தேவையான இடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிகாபைட் ஆகும், எட்டு கேமராக்களின் 30 நாள் பதிவுக்கு 10 டெராபைட்டுக்குச் சற்று மேல் தேவைப்படும்.

தொலைவிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டை (இங்கே, இணையத்திலிருந்து உள்ளே நுழையும் வழி) திறந்துவிடாமல், வி.பி.என். (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக இணையுங்கள், கேமராவுடன் ஆலையிலிருந்தே வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.